உடம்புக்கு என்றால் செய்வார்கள், பூமிக்கு என்றால் மாட்டார்களா?
(இணைய மன்ற இழை ஒன்று; பேசுபவர்கள் புனைபெயரில்)

நடைமேடை:
பருவநிலைப் பிரச்சாரம் எடுபடாததற்கு ஒரே காரணம்தான்: பலன் செய்தவனுக்கு வருவதில்லை. இனிப்பைக் குறைத்தால் என் ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஏசியைக் குறைத்தால் என் தெருவில் வெயில் குறையுமா? ஆகவே கார்பன் பேச்சை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆரோக்கியக் கணக்கில் எழுதுங்கள். விறகடுப்பா, நுரையீரல். பைக்கா, தொப்பை. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்தேன். உடம்புக்கு என்றால் செய்வார்கள் என்று எந்த டாக்டரிடமும் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கைப்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கான மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சராசரியாக 50 சதவீதம்தான். பிரஷர் மாத்திரையைப் பாருங்கள். வலி கிடையாது, அளவு இறங்கியதும் "சரியாப் போச்சு" என்று நிறுத்துவார்கள். இறக்கியதே மாத்திரைதான் என்பது மறந்துவிடும்.

விறகடுப்பு உங்களுக்கு எதிரான சாட்சி. ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. புகையால் பெண்களுக்கு வரும் கேடுதான் அதன் முக்கியப் பேச்சு. இணைப்பு வாங்கினார்கள், ஆனால் குழம்புக்கு கேஸ், குளிக்க வெந்நீருக்கு விறகு என்று இரண்டும் ஓடியது. சுள்ளிக்குக் கைக்காசு வேண்டாம், சிலிண்டருக்கு மொத்தமாக வேண்டும். 2022-இல் அரசு சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்ததே ஏன்? நுரையீரல் படத்தால் சிலிண்டர் நிரம்பாது.

நடைமேடை:
அது ஏழ்மை, மனநிலை இல்லை. கையில் காசு இருப்பவரை எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எடுத்தேன். அயோடின் உப்பை ஆரோக்கியத்துக்காகத் தேர்ந்தெடுத்தவர் யார்? 2006-இல் அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்பதைத் தடுத்தார்கள், முடிந்தது. ஏசியிலும் அதேதான்: 2020 ஜனவரி முதல் மின்சிக்கன நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ரிமோட்டைத் தொடாத சோம்பேறியும் சூழலியலாளர் ஆகிவிடுகிறார்.

மூணாம் நம்பர்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாத்திரை தினமும் எடுப்பது. ஃபேன் ஒருமுறை மாற்றுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஒருமுறைச் செலவுக்குப் பழக்கம் வேண்டாம், அன்றைக்கு ஒரு காரணம் போதும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன் (2022 செப்டம்பர் விகிதம், பின்னால் கொஞ்சம் ஏறியது, அமைப்பு அதேதான்).

சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் ஃபேன்) 30 வாட். தினம் 14 மணி நேரம், 60 நாள்: ஒரு ஃபேனுக்கு 37.8 யூனிட் மிச்சம். இரண்டுக்கு 75 என்று வையுங்கள்.

இரண்டு மாத பில்லில் 540 யூனிட் ஓடும் வீடு 465-க்கு வந்தால் பில் 2,270-இலிருந்து 1,515. மிச்சம் 755 ரூபாய். காரணம் 500 யூனிட் கோடு: அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய்ச் சலுகை போய் 4.50 ஆகிவிடும். 501-ஆவது யூனிட் ஒன்றே 233 ரூபாய்!

180 யூனிட் வீடு 105-க்கு வந்தால்? 180 ரூபாய் பில் 11 ரூபாய் ஆகும். மிச்சம் 169.

இரண்டு வீட்டிலும் அதே ஃபேன், அதே 50 கிலோ சொச்சம் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். முதல் வீட்டுக்காரர் நாளைக்கே கடைக்குப் போவார், இரண்டாமவர் ஃபேன் எரியும்வரை அசையமாட்டார். இதில் உடம்பும் இல்லை, பூமியும் இல்லை.

நடைமேடை:
75 வாட் என்பது முழு வேகத்தில் மட்டும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் 2-இல் வைத்தால் சாதா ஃபேனும் பாதிக்குக் கீழே இழுக்கும். உங்கள் 755 சுருங்கும்.

மூணாம் நம்பர்:
சுருங்கும், ஒப்புக்கொள்கிறேன். சித்திரையில் 2-இல் வைப்பவரைக் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
காசு மட்டுமே என்பதையும் ஏற்கமாட்டேன். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் 2007-இல் வெளியான ஆய்வு: ஏறத்தாழ 290 வீடுகளுக்கு அக்கம்பக்கத்துச் சராசரி மின்செலவை எழுதித் தொங்கவிட்டார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ "நாம்தான் ஏமாளியா" என்பதுபோல் கூட்டிவிட்டார்கள்! சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்தக் கூடுதல் நின்றது. உடம்பு விஷயத்தில் பக்கத்து வீட்டு ரத்தக்கொதிப்பு அளவு யாருக்கும் தெரியாது. அளவு வெளியே தெரிவது சூழலுக்குத்தான் சாதகம்.

நடைமேடை:
சரி, 180 யூனிட் வீட்டுக்கு என்ன வழி? அதற்குப் பதில் வரவில்லை.

மூணாம் நம்பர்:
எரியும் நாளைப் பிடிப்பதுதான். ஃபேனின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோனால் அதை மறுபடி சுற்ற ரீவைண்டிங்குக்குத் தூக்கிப்போவார் அல்லது கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதை வாங்குவார். ஆகவே பேச வேண்டியது எலக்ட்ரீஷியனிடமும் கடைக்காரரிடமும். விலை வித்தியாசம் 1,300 ரூபாயை மாதம் நூறாகப் பிரித்தால் நடக்கும்.

பிஎல்டிசி ஃபேனை மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு அடிவாங்கும். ஒரு வீட்டில் போர்டு போனால் அந்தத் தெருவே "அந்த ஃபேன் தாங்காது" என்று சொல்லும். அதற்கு எந்தப் பிரச்சாரமும் ஈடுகொடுக்காது.

நடைமேடை:
ரெகுலேட்டர் விஷயத்தைத் தனி இழையாகப் போடுங்கள். மாத்திரை விஷயத்தில் தோற்றேன். சிலிண்டரில் இன்னும் தோற்கவில்லை.