அரிட்டாபட்டி: அந்தப் 'பத்து சதவீதம்' யார் போட்ட கணக்கு?

பெருமாள்மலையான்:
நேற்று ஒருத்தர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மதுரை மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் காப்பாற்ற வேண்டிய இடம், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்ட மொத்தப் பரப்பில் பத்து சதவீதம்தானாம், அதை விட்டுவிட்டு மிச்சத்தில் டங்ஸ்டன் எடுத்திருந்தால் மேலூர் எங்கேயோ போயிருக்குமாம். 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தாயிற்று, ஒப்பாரி மட்டும் ஓயவில்லை. அங்கே களிஞ்சமலையில் பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிறது, உள்ளே சிவ வடிவமான லகுலீசர் சிற்பம் இருக்கிறது, சமணத் துறவிகளின் கல் படுக்கை, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து எல்லாம் இருக்கிறது. இதில் எது பத்து, எது தொண்ணூறு?

கணக்குப்பிள்ளை:
எழுதியது நான்தான். ஏலம் விட்டது 2015.51 ஹெக்டேர். 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது 193.42 ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், 9.6 வரும். பாவம் பார்த்துப் பத்து என்று எழுதினேன்.

பெருமாள்மலையான்:
வகுக்க எங்களுக்கும் தெரியும் சார். அந்த 193 என்பது அரசாணையில் போட்ட கோடு. நரசிங்கம்பட்டி பெருமாள்மலை அடிவாரத்தில் பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது பழங்கால இடுகாடு கிடக்கிறதே, அது உங்கள் பத்துக்குள் வருகிறதா? வராது. கோட்டுக்கு வெளியே இருந்தால் வெறும் கல்லா? மலையில் விழுகிற மழை ஓடையாக இறங்கிக் கண்மாய்க்குக் கண்மாய் நிரம்பிப் போகிறது, தண்ணீர் அரசாணையைப் படித்துவிட்டா ஓடுகிறது?

தெற்குத்தெரு:
அண்ணே சொல்வது சரி. சட்டமன்றத்தில் 2024 டிசம்பர் 9 அன்று தீர்மானம் போட்டபோது ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்றுதான் போட்டார்கள். அப்புறம் அதே மாதம் மத்திய அரசு அந்தப் பல்லுயிர்த் தலப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுச் சுரங்க எல்லையை மறுபடி பார்க்கச் சொன்னது. அங்கே கிளம்பியதுதான் இந்தப் பத்து சதவீதம். நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் நடந்த சனத்துக்கு அது புரிந்ததால்தான் நடந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
தீர்மானத்துக்கு முன்னாடி மாநில அரசு எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்றும் சொல்லுங்கள் தம்பி. அதைச் சொன்னால் வலிக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: பத்தா, இல்லையா?

பெருமாள்மலையான்:
கட்சிச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள். கீழடி விவாதத்திலும் இப்படித்தான், பானை ஓட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். அந்தக் கோபத்தை இங்கே கொண்டுவந்து தீர்த்துக்கொள்கிறீர்கள்.

கல்வெட்டுக்கிறுக்கி:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். பக்கத்து மீனாட்சிபுரம் ஓவாமலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, 1882இல் ராபர்ட் சீவெல் கண்டுபிடித்தது. அந்தக் குகைப் பாறையிலேயே காதலர் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். சுரங்கம் வரும் முன்பே நம்ம ஆட்கள் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டார்கள். பழைய கோயில் தூணில் எனாமல் பெயின்ட் அடிப்பது யார், டெல்லிக்காரனா?

பெருமாள்மலையான்:
அம்மணி, பெயின்டைச் சுரண்டி எடுக்கலாம். வெடி வைத்த மலையை ஒட்ட வைக்க முடியாது.

கல்வெட்டுக்கிறுக்கி:
சுரண்டும்போது எழுத்தும் சேர்ந்து போகும். மணல் பீய்ச்சித் தூணைச் சுத்தம் செய்ததெல்லாம் பார்த்தவள் நான். சும்மா பேசாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆக, காப்பாற்றத் தெரியாத பத்து சதவீதத்துக்காக மீதி தொண்ணூறையும் பூட்டி வைக்க வேண்டும். அருமை. டங்ஸ்டனுக்கு நாடே வெளிநாட்டைப் பார்த்து நிற்கிறது, அதை விடுங்கள். ஊர்ப் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்களே, அவர்களுக்குக் குடைவரை சோறு போடுமா?

பெருமாள்மலையான்:
கிரானைட் குவாரி போட்டதா சோறு? மேலூர் வட்டாரத்தில் எத்தனை மலை குழியாகிப் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று கீழவளவுப் பக்கம் வந்து பாருங்கள். அந்தக் குழிகளுக்கும் யாரோ ஒருவர் ஒருநாள் "இந்த ஒரு மூலை மட்டும்தான்" என்று சொல்லித்தான் ஆரம்பித்திருப்பார். பெரியாறு தண்ணீர் வராத வருடத்திலும் இங்கே ஒரு போகம் எடுப்பதற்கு இந்த மலையும் சுனையும்தான் காரணம். பையன்கள் வெளியூர் போவது பற்றி உங்களுக்கு என்ன அக்கறை? நீங்களே அடையாறில் உட்கார்ந்துதானே எழுதுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அடையாறு இல்லை, ஆவடி. ஆள் யாரென்று தெரியாமலே இவ்வளவு ஆத்திரம். என் அப்பாவுக்கு வல்லாளப்பட்டியில் நிலம் இருக்கிறது, உங்களைவிட எனக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை அதிகம்.

தெற்குத்தெரு:
வல்லாளப்பட்டியில் நிலம் இருக்கிறது என்றால் ஒருநாளாவது போராட்டப் பந்தலுக்கு வந்திருக்கலாமே ஐயா. அரிசி மூட்டை தூக்கிக் கொடுத்த கிழவிகளைப் பார்த்திருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பந்தலுக்கு வந்தால்தான் வகுத்தல் கணக்கு மாறுமா?

பெருமாள்மலையான்:
மறுபடி வகுத்தல்! ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் நின்று இந்தப் பத்து சதவீதத்தைச் சொல்லிப் பாருங்கள். ஏழு மலையும் ஒரே நீர்ப்பிடிப்பு. ஒன்றின் காலை வெட்டினால் மற்றதுக்கும் வலிக்கும். இதை நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

கல்வெட்டுக்கிறுக்கி:
இரண்டாவது முறைதான். எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.

பெருமாள்மலையான்:
உங்களுக்கும் கணக்கு நோய் ஒட்டிவிட்டது. சரி, அரசாணை வரைபடத்தைப் போடுகிறேன், பெருமாள்மலை எங்கே விழுகிறது என்று எல்லாரும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். அதிலும் 193.42 என்றுதான் இருக்கும்.