வெள்ளைக் கொக்குகளை எப்படிப் பிரித்து அறிவது?

கேட்டவர்: தண்ணீர் தேங்கிய வயலில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பார்த்தேன். அலகும் காலும் கறுப்பு, ஆனால் பறந்தபோது பாதம் மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்திலேயே மஞ்சள் அலகோடு குட்டையாக இன்னும் சில, மாடுகளுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே இனத்தின் ஆண், பெண்ணா?

நீர்க்கரை: இல்லை, வேறு வேறு இனம். இந்தக் கொக்குகளில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் மூன்றும் சேர்ந்தால் சின்னக் கொக்கு. ஆழமில்லாத தண்ணீரில் அது ஒரு காலை அசைத்து அசைத்துச் சேற்றைக் கலக்கும், மிரண்டு ஓடும் சிறு மீன்களைச் சட்டென்று கொத்தும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், அருமையாக இருக்கும். மாட்டுக்குப் பின்னால் போனது உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளும் பூச்சிகளும்தான் அதற்கு இரை. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு ஏறிவிடும், அப்போது குழப்பமே இல்லை.

கேட்டவர்: சரி, அலகு மஞ்சளாக இருந்தாலே உண்ணிக்கொக்கு என்று குறித்துக்கொள்ளலாமா?

கூரலகு: வேண்டாம். பெரிய கொக்குக்கும் இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் மஞ்சள் அலகுதான். அளவைப் பாருங்கள்: உண்ணிக்கொக்கு சுமார் 50 செ.மீ., பெரிய கொக்கு 90 செ.மீ. வரை, அதற்கு மேலும் இருக்கும். அப்புறம் வாய்ப்பிளவுக் கோடு, அதாவது அலகின் அடியிலிருந்து முகத்தில் பின்னால் நீளும் வாயோரக் கோடு. பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், இன்னொரு வெள்ளை இனமான நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

நீர்க்கரை: ஆமாம், படம் எடுத்தால் பக்கவாட்டில் எடுங்கள், முகமும் பாதமும் தெரியட்டும்.