மியூனிக் ஒப்பந்தம்: அந்த ஓராண்டு யாருக்கு லாபம்?

நண்பர்களே, வெள்ளிக்கிழமை கல்லூரி வரலாற்று மன்றத்தில் மியூனிக் ஒப்பந்தம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். 1938 செப்டம்பர் 30 அன்று பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சூடட்டன்லாந்தை இந்த ஒப்பந்தத்தில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததால்தான், இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரிட்டனுக்கு ஆயுதம் சேர்க்க ஓராண்டு கிடைத்தது என்று ஒரு வாதம் இருக்கிறதே, அதை ஏற்பதா வேண்டாமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

இரு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பிரிட்டன் விமானப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர் வந்ததே 1938 ஆகஸ்டில்தான், ரேடார் நிலையங்களும் அப்போது முழுதாகத் தயாரில்லை. சரி, அவகாசம் தேவைப்பட்டது என்று எழுதிவிட்டேன்.

அப்புறம் ஜெர்மனி பக்கம் பார்த்தால் எழுதியதை அழிக்க வேண்டியதாகிவிட்டது. செக் நாட்டின் எல்லைக் கோட்டைகள் சண்டையே இல்லாமல் போயின, 1939 மார்ச் 15 அன்று பிராக் நகரமும் போனது, ஸ்கோடா ஆயுத ஆலையும் ஜெர்மனியின் கைக்கு வந்தது. அந்த நாட்டில் செய்த டாங்கிகளே 1940இல் ஜெர்மன் தளபதி ரோமெலின் படையோடு பிரான்சுக்குள் ஓடின என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. மியூனிக் மாநாட்டு மேசையில் செக் பிரதிநிதிகளுக்கு இடம்கூடக் கொடுக்கவில்லை!

விமானத்தை எண்ணினால் பிரிட்டனுக்கு லாபம், டாங்கியை எண்ணினால் ஜெர்மனிக்கு. 1939 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் தலைவர் ஸ்டாலினும் ஹிட்லரோடு, ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டதை இதில் எங்கே சேர்ப்பது என்றும் பிடிபடவில்லை.

1938ஐயும் 1939ஐயும் நேர்மையாக ஒப்பிட எதை முதல் அளவுகோலாக வைக்க வேண்டும்?