மத்தியானம் ஆனா ஃபஸ் பெடல் கரகரக்குது, ஏன்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1967 பதிவுகளின் ஒலிக்காக, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் (கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துத் தடிப்பாக்கும் கால்மிதிக் கருவி) வாங்கினேன். காலையில் அருமை. கோயில் மண்டபத் தகரக் கூரை காய்ந்ததும் நோட் அறுந்தறுந்து வருது. பேட்டரியா?

பதில்: பேட்டரி இல்ல, தம்பி. ஜெர்மேனியம் சூடானா கசிவு மின்னோட்டம் கூடி பயாஸ் (டிரான்சிஸ்டர் சரியா வேலை செய்ய வைக்கும் மின்னழுத்த நிலை) நகரும். இரண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர் காலில் 4.5 வோல்ட் பக்கம் இருக்கணும். டிரான்சிஸ்டர் பிஎன்பி (PNP) வகைன்னா மீட்டர் மைனஸ் காட்டும், பயப்படாதீங்க. அந்தக் கலெக்டர்ல இருக்கிற 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழட்டி 20 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மாத்தக்கூடிய ரெசிஸ்டர்) போடுங்க. வீட்டு ஏர்கோன்ல வேணாம், மண்டபச் சூட்டிலேயே அந்த 4.5 வோல்ட் வர்ற வரைக்கும் திருகுங்க.

இன்னொருவர்: பிசி108 (BC108) சிலிக்கன் டிரான்சிஸ்டர் போட்டா தொல்லை விட்டது. ஒலி கொஞ்சம் குத்தும். ஹென்ட்ரிக்ஸும் பின்னாளில் சிலிக்கனுக்குப் போனவர்தானே!

முதல் பதிலாளர்: கிட்டாருக்கு அடுத்தே ஃபஸ் வைங்க. கிட்டார் வால்யூமை 6க்கு இறக்கியும் ஒலி தெளியலன்னா, ஃபஸ்ஸுக்கு முன்னால ஏதோ பஃபர் (கிட்டார் சிக்னலை இடையில வாங்கி அனுப்பும் சுற்று) இருக்கு.