'ரெஸ்பெக்ட்': ஓட்டிஸ் எழுதிய பாட்டு அரீத்தாவின் பாட்டாக மாறியது எப்படி?

பழையதட்டு:
வணக்கம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையை நான் ஓராண்டாகத்தான் கேட்டு வருகிறேன். 'ரெஸ்பெக்ட்' என்றாலே அரீத்தா ஃபிராங்க்ளினின் குரல்தான் நினைவுக்கு வருவதால், அதை எழுதியவரும் அவரே என்று எண்ணியிருந்தேன். சென்ற வாரம் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 1965ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டபோதுதான், பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் என்பதும் அரீத்தா அதைப் பாடியது ஈராண்டுகள் கழித்து என்பதும் தெரிந்தன. வரிகள் பெரும்பாலும் அவையேதான். ஆனால் எனக்கு இரண்டும் வெவ்வேறு பாட்டுகளாகவே கேட்கின்றன. ஆண் பாடியதைப் பெண் பாடியதால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வந்துவிடுமா, அல்லது இசையிலும் கை வைத்திருக்கிறார்களா?

இரவுவானொலி:
இரண்டும் நடந்திருக்கின்றன. ஓட்டிஸின் பாட்டில், சம்பாதித்த பணத்தோடு வீடு திரும்பும் ஆண் தனக்குக் கொஞ்சம் மரியாதை வேண்டும் என்கிறான். குரலை எவ்வளவு உயர்த்தினாலும் அது கெஞ்சலாகத்தான் முடிகிறது. நீ விரும்புவது உன்னிடம் இருக்கிறது என்ற பொருளில் அவர் தொடங்கிய முதல் வரியை, நீ விரும்புவது என்னிடம் இருக்கிறது என்று அரீத்தா திருப்பிவிட்டார். அந்த ஒரு சொல்லிலேயே, கேட்கும் இடத்தில் இருந்தவர் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார்.

இனி இசை. 1967 பிப்ரவரி 14 அன்று, நியூயார்க்கில், ஜெர்ரி வெக்ஸ்லரின் தயாரிப்பில், அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அரீத்தாவின் பாட்டு பதிவானது. வாசித்தவர்களில் பலர் அலபாமாவின் மசில் ஷோல்ஸிலிருந்து வந்த கலைஞர்கள், பியானோ அரீத்தாவினுடையது. மரியாதை என்ற சொல்லை 'ஆர், ஈ, எஸ், பி, ஈ, சி, டி' என்று எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் இடம் மூலப் பாட்டில் கிடையாது. அக்கா எர்மாவும் தங்கை கரோலினும் 'சாக் இட் டு மீ' என்று பின்னால் அடுக்கிக்கொண்டே போவதும் புதிதாகச் சேர்ந்ததுதான். ஓட்டிஸின் பாட்டில் சரணங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஓர் இடைப்பகுதி இல்லை என்பதால், சாம் அண்ட் டேவ் இரட்டையர் பாடிய வேறொரு பாட்டின் கார்டு (சுரக்கூட்டு) வரிசையை எடுத்துவந்து பொருத்தி, அதன்மேல் கிங் கர்டிஸைச் சாக்ஸஃபோன் வாசிக்க வைத்தார்கள். ஒட்டுப்போட்ட தையல் எங்குமே தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு.

மெம்ஃபிஸ்பக்கம்:
மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் அரீத்தாவைக் கொண்டாடுவதற்காக ஓட்டிஸின் பதிவை வெறும் வரைவுப் படி போல நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. அது மெம்ஃபிஸில், பழைய திரையரங்கு ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்ட ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் பதிவானது. நாற்காலிகள் இருந்த சரிவான தரையைக்கூட அவர்கள் சமப்படுத்தவில்லை. அங்கு நிலையாக வாசித்த புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் குழுவில், நிறவெறி ஆட்சி செய்த அந்த ஊரிலேயே, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தார்கள். ஓட்டிஸ் இசைக்குறிப்பு எழுதித் தருபவர் அல்லர். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் எங்கே, எப்படி நுழைய வேண்டும் என்பதை வாயாலேயே பாடிக் காட்டுவார். 'ரெஸ்பெக்ட்' பாட்டில் அந்த ஊதுகருவிகள் அவருக்குப் பக்கமேளம் அல்ல, அவரோடு வழக்காடும் எதிர்க்கட்சி. ஹெட்ஃபோனில், அந்தக் குழுவின் ஆல் ஜாக்சன் வாசிக்கும் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பாட்டு அரீத்தாவினுடையதாக மாறியதில் ஓட்டிஸுக்கு மனத்தாங்கல் இருந்ததாகவும் தெரியவில்லை. 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரி இசை விழா மேடையில், ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு இது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினார். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26.

கணக்குப்பிள்ளை:
வணிகப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிஸின் பதிவு, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 35ஆம் இடத்தோடு நின்றது. அரீத்தாவின் பதிவு முதலிடத்துக்குப் போனது. ஆனால் அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் உரிமைத்தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. ஆகவே அந்த நிலையங்களில் அரீத்தாவின் குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் சேர்ந்தது ஓட்டிஸின் பக்கம். மரியாதையைக் கேட்டுப் பாடியவருக்கே இப்படி!

பழையதட்டு:
நன்றி. கணக்கு விவரம் சற்றும் எதிர்பாராதது. இருவரும் பாடிய பாட்டு வேறு ஏதேனும் உண்டா? ஒப்பிட்டுக் கேட்க விரும்புகிறேன்.

இரவுவானொலி:
உண்டு. சாம் குக் 1964இல் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கானா கம்'. ஓட்டிஸ் அதை 1965இல் வெளிவந்த 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பத்தில் பாடினார். அரீத்தா, 'ரெஸ்பெக்ட்' இடம்பெற்ற அதே 1967 ஆல்பத்தில் பாடினார். குக்கும் அரீத்தாவும் தேவாலயப் பாடல்களிலிருந்து வெளி உலகுக்கு வந்தவர்கள். சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே அரீத்தாவுக்கு அவரைத் தெரியும். அரீத்தாவின் பதிவின் தொடக்கத்தைக் கவனியுங்கள். குக் எழுதிய முதல் வரிக்கு முன்னால், பழைய நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டது தன் நெஞ்சைத் தொட்டது என்று தானே சில வரிகளைச் சேர்த்துப் பாடுகிறார். அப்போது குக் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நண்பரின் பெயரை அரீத்தா சொல்வதே இல்லை.