கையால அமுக்கிப் பார்த்து "போயிடுச்சு"ன்னு சொன்ன ஷாக்

திருவொற்றியூர் பட்டறை:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல. காந்த ஷாக் அப்சார்பர் போட்ட பழைய இறக்குமதி கார். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில பின்பக்கம் அலையுது, டேஷ்போர்டுல லைட் எரியுதுன்னு அதோட ஓனர் கொண்டு வந்தார். பின் ஷாக் ரெண்டையும் கழட்டி, தரையில நிறுத்தி ராடை அமுக்கினேன். தலகாணியை அமுக்கின மாதிரி இறங்குச்சு. "ரெண்டும் போயிடுச்சு சார்"னு சொல்லிட்டேன். கடன் வாங்கித்தான் புதுசு வரவழைச்சார். மாட்டினேன், லைட் அணையல. அப்புறம் வீல் பக்கம் டார்ச் அடிச்சா, உயரம் பார்க்கிற சென்சாரோட விரல் நீளக் கம்பி, கடல் உப்புல துருப்பிடிச்சுக் கழண்டு தொங்குது. அதை மாத்தினதும் எல்லாம் சரியாச்சு. அந்தக் கம்பியைக் கையில வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி நின்னேனே, அதுதான் போக மாட்டேங்குது. அவர் கோபப்படல. "பார்த்துச் சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னார். பழைய ஷாக் ரெண்டும் இன்னும் பட்டறை மூலையிலதான் கிடக்கு.

வியாசர்பாடி:
அண்ணே, கரண்ட் இல்லாதப்போ அது அப்படித்தான் இறங்கும். உள்ள இருக்கிறது சாதா ஆயில் இல்ல, மைக்ரான் கணக்குல இரும்புத் தூள் கலந்த ஆயில். பிஸ்டன்ல காயில் சுத்தியிருக்கும். காயில்ல கரண்ட் பாய்ஞ்சதும் தூளெல்லாம் சங்கிலியாக் கோத்துக்கிட்டு ஆயில் போற வழியை மறிக்கும். சில மில்லிசெகண்ட்ல நடந்துடும். காலேஜ் லேப்ல சார் என்னை ராடைப் பிடிச்சு அமுக்கச் சொன்னார். சுலபமா இறங்கிட்டிருந்தது. சொல்லாம சுவிட்சைப் போட்டுட்டார். பாதியில சுவர்ல முட்டின மாதிரி நின்னு, தோள்பட்டை வரைக்கும் அதிர்ந்துச்சு. அணைச்சார், மறுபடி இறங்குச்சு. இந்த ஆயிலை 1940கள்லயே அமெரிக்காவுல ஜேக்கப் ராபினோன்னு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்சுட்டார். கார்ல வர 2002 ஆச்சு, காடிலாக் செவில்லதான் முதல்ல.

மணலி டிரெய்லர்:
நான் பார்த்தது சீட்டுல. கன்டெய்னரை இறக்கிட்டு காலி டிரெய்லரோட துறைமுகத்துலேர்ந்து திரும்பறப்போ பட்டை ஸ்பிரிங் எப்படித் தூக்கிப் போடும்னு இந்த ரூட்ல ஓட்டினவங்களுக்குத் தெரியும். பாரம் இருந்தாலாவது அமுங்கும். ஒரு முதலாளி வண்டியில டிரைவர் சீட்டுக்கு அடியில மட்டும் இந்த மாதிரி ஷாக், பக்கத்துல மூணு நிலை சுவிட்ச். சாத்தாங்காடு பக்கம் ஒரு பள்ளம். கிளீனர் தம்பி தலை மேல இடிச்சுது. நான் உட்கார்ந்த இடத்துலயே இருந்தேன். 19 வருஷம் ஓட்டி, முதுகுக்கு ஊசி போட்டுட்டு வந்த ஆளு நான். அன்னிக்கு வண்டியை ஓரம் கட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த முதலாளி வண்டியை வித்துட்டார். அப்படி ஒரு சீட் மறுபடி கிடைக்கல.

மாதவரம்:
இதுக்கு சென்சார், கரண்ட் எல்லாம் எதுக்கு? என் புது வண்டியிலயே அதிர்வைப் பொறுத்துத் தானா மாறுற ஷாக் இருக்கு. மூலக்கடை ஸ்பீடு பிரேக்கர்ல அப்பா தூக்கத்துலேர்ந்து எழவே இல்ல. அதுவும் இந்தக் காந்த ஷாக் மாதிரி செமி-ஆக்டிவ்தான், அதாவது ஓடுறப்போவே இறுக்கம் மாறுறது.

பெரம்பூர்:
இல்லீங்க மாதவரம். உங்களோடது நல்ல ஷாக்தான், ஆனா செமி-ஆக்டிவ் இல்ல. அதுக்குள்ள இருக்கிறது ஒரு வால்வு. வேகமான அதிர்வுக்கு வழி விடும், மெதுவான ஆட்டத்தை இறுக்கும். வண்டி என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது. செமி-ஆக்டிவ்ல கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து மாத்தும். 1974ல அமெரிக்க இன்ஜினியர் கார்னாப்பும் கூட்டாளிகளும் எழுதின ஸ்கைஹுக் கணக்கு அதுக்குத்தான். பாடியை வானத்துல கொக்கி போட்டுக் கட்டின மாதிரி நிறுத்தணும். வானத்துல கொக்கி ஏது? அதனால, பாடி மேல போறப்போ ஷாக்கும் நீண்டா இறுக்கு. பாடி மேல போறப்போ ஷாக் சுருங்கினா தளர்த்து. கீழ வந்தா அதுக்கு நேர்மாறு. முழு ஆக்டிவ் மாதிரி இது பாடியைத் தானாத் தள்ளாது, தடுக்க மட்டும்தான் செய்யும். கரண்ட் கொஞ்சமே போதும்கிறதும் அதனாலதான். பாடி ஆடுறது விநாடிக்கு 1, 2 தடவை. சக்கரம் துள்ளுறது 10க்கு மேல. நடுவுல 4லேர்ந்து 8 வரைக்கும்தான் மேல கீழ குலுங்குறது மனுஷ உடம்புக்கு ஆகவே ஆகாது. மணலி அண்ணே, உங்க முதுகை வாங்கினது அதுதான். காத்து ஸ்பிரிங் வெச்ச சீட் கிடைச்சாலும் போடுங்க, உங்க எடைக்குச் சரி பண்ணிக்கோங்க, பெல்ட்டைத் தளர விடாதீங்க. என் அனுபவம்னா, நண்பர் கார்ல பட்டனை ஷாக்கை இறுக்குற ஸ்போர்ட் மோடுக்கு மாத்தி பெரம்பூர் மேம்பாலம் ஏறினது மட்டும்தான். பாலத்தோட ஒவ்வொரு இணைப்பும் முதுகுல எண்ண முடிஞ்சுது.

திருவொற்றியூர் பட்டறை:
வியாசர்பாடி தம்பி, நாளைக்கு அந்தப் பழைய ரெண்டுக்கும் பேட்டரி கொடுத்துப் பார்க்கப் போறேன்.

வியாசர்பாடி:
நேராக் கொடுக்காதீங்க அண்ணே! அந்தக் காயில் ஒண்ணு ரெண்டு ஓம்தான் இருக்கும். 12 வோல்ட் அப்படியே போனா எரிஞ்சுடும். நடுவுல 21 வாட் இண்டிகேட்டர் பல்பை சீரிஸ்ல போடுங்க, கரண்ட் ஒண்ணரை ஆம்பியர்கிட்ட நிக்கும். சில விநாடி மட்டும்.

திருவொற்றியூர் பட்டறை:
பல்பு போட்டுத்தான் கொடுத்தேன். என் முழு எடையையும் ராடு மேல போட்டேன். நகரல தம்பி. ரெண்டாவதும் அதேதான். ரெண்டையும் துடைச்சுச் சாக்குல சுத்தி வெச்சிருக்கேன். அவர் வீடு காலடிப்பேட்டையிலதான். ஞாயித்துக்கிழமை கொண்டு போய்க் கொடுத்துட்டு, அவர் செலவழிச்சதுல என் பங்கையும் பேசணும்.