அரை வினாடி மெதுவான ஜிடி3-ஐத் தேடிப்பிடித்து வாங்குவது ஏன்?

கொல்லிமலை70:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி இது. 2021-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3-ஐ எடுத்துக்கொள்வோம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 510 குதிரைத்திறன். அதையே பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வாங்கினால் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 3.4 வினாடி. ஆறு கியர் மேனுவலோடு வாங்கினால் 3.9 வினாடி. அதாவது வேகத்துக்காகவே செய்த வண்டியில் அரை வினாடியை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறார்கள், அதுவும் கிளட்ச் மிதித்துக் கால் வலிக்க ஓட்டுவதற்காக. ஆனாலும் மேனுவலுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது.

இன்னொரு பக்கம் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்று நாலு கதவு வைத்த குடும்பக் கார், சுமார் 2 வினாடியில் அந்த வேகத்துக்குப் போகிறது, ஜிடி3-ஐ விட விலையும் குறைவு. நேர்சாலையில் ஜிடி3 அதன் பின்விளக்கைத்தான் பார்க்க முடியும்.

அப்புறம் எதற்கு அவ்வளவு பணம்? பெருமைக்காக என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் அது எனக்குப் பதிலாகப் படவில்லை. பெருமைதான் நோக்கம் என்றால் இதைவிடப் பளபளப்பான வண்டிகள் எத்தனையோ உண்டு. ஜிடி3 டூரிங் வாங்குகிறவர் பின்னால் இருக்கும் பெரிய இறக்கையையே வேண்டாம் என்கிறார், ரோட்டில் போகிறவருக்கு அது சாதாரண 911 மாதிரிதான் தெரியும். வைத்திருப்பவர்கள், ஓட்டிப் பார்த்தவர்கள், இந்தத் துறையில் இருப்பவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கிளட்ச்_கால்:

நல்ல கேள்வி நண்பரே. நான் போர்ஷேயின் ஊரான ஷ்டுட்கார்ட் பக்கம் வாகன உதிரிபாகத் துறையில் இருக்கிறேன், எங்கள் ஊரில் டீக்கடைப் பேச்சு மாதிரி இதைப் பேசித் தீர்க்காத ஆள் இல்லை.

இதற்குச் சந்தையே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 2013-இல் 991 என்ற உள்பெயர் கொண்ட தலைமுறையின் ஜிடி3 வந்தபோது போர்ஷே மேனுவலைத் தூக்கிவிட்டது, பிடிகே மட்டும்தான். அவர்கள் கணக்கில் தவறில்லை: பந்தயத் தடத்தில் பிடிகே வேகமானது, ஜிடி3 என்பது தடத்துக்கான கார், ஆகவே பிடிகே. ஆனால் பழைய ஜிடி3 வைத்திருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். 2016 ஜெனீவா கண்காட்சியில் 911 ஆர் என்று ஒன்றைக் காட்டினார்கள், 500 குதிரைத்திறன், இறக்கை கிடையாது, மேனுவல் மட்டும், மொத்தமே 991 வண்டிகள். எல்லாம் உடனே பேசி முடிந்தது, மறுவிற்பனையில் விலை எங்கேயோ போனது. அடுத்த ஆண்டே, 2017-இல், ஜிடி3-இல் மேனுவல் திரும்ப வந்துவிட்டது. வேகமான கார் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதாக நிறுவனம் நினைத்தது, அவர்களோ தங்களுக்கு வேலை கொடுக்கும் காரைக் கேட்டிருந்தார்கள்.

என்ன வேலை என்றால், இந்த இன்ஜின் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) வரை ஏறும். டர்போ இல்லாததால் ஆக்ஸிலரேட்டரில் கால் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு மட்டும், அந்த நொடியிலேயே பதில் வரும், கூடவும் வராது தாமதமும் ஆகாது. வளைவுக்கு முன்னால் பிரேக் மிதித்துக்கொண்டே, அதே காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி ரெவ்வை, அதாவது இன்ஜின் சுழலும் வேகத்தை, ஏற்றி, கிளட்சை விட்டுக் கீழ் கியருக்கு வரவேண்டும். ரெவ் சரியாக இருந்தால் வண்டி துளிகூடக் குலுங்காது, தப்பினால் பின்சக்கரம் வெடுக்கென்று இழுக்கும். இப்போதைய மேனுவல் ஜிடி3-இல் அந்த ரெவ்வை வண்டியே ஏற்றித் தரும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டுத் தாங்களே செய்கிறவர்களை எனக்குத் தெரியும், ஒரு வளைவு சுத்தமாக அமைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தில் அது தெரியும்.

இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது இன்னொரு விஷயம். இயற்பியல் புத்தகப்படி அது அங்கே இருக்கவே கூடாது. சுத்தியலை எறிந்தால் தலை முந்தப் பார்க்கும் இல்லையா, அதுபோல வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் வண்டியின் வால் வெளியே வரப் பார்க்கும். பழைய 911-கள் இதற்கே பெயர் பெற்றவை. ஆனால் அதே எடைதான் பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்தி, வளைவிலிருந்து வெளியேறும்போது மற்ற வண்டிகளுக்குக் கிடைக்காத பிடிப்பைக் கொடுக்கிறது. 1963-இல் பிராங்பர்ட்டில் முதன்முதலாகக் காட்டியதிலிருந்து இன்றுவரை இன்ஜினை நகர்த்தாமல் அந்தக் குறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் இதன் கவர்ச்சி. கற்றுக்கொள்ள எதுவுமே இல்லாத வேகம் சீக்கிரம் சலித்துவிடும், பிளெய்ட் வாங்கிய என் சக ஊழியர் அந்த 2 வினாடி வித்தையை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு மட்டும்தான் இப்போது காட்டுகிறார்.

எடையையும் பாருங்கள். மேனுவல் ஜிடி3 1,418 கிலோ, பிளெய்ட் 2 டன்னைத் தாண்டும். ஸ்டீயரிங்கில் அந்த வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

மழைக்கால_ஓட்டுநர்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஜிடி3 அல்ல, பழையதாக வாங்கிய சாதாரண 911 கரேரா வைத்திருக்கிறேன். இங்கே விரைவுச்சாலையிலேயே அதிகபட்சம் 90 கிலோமீட்டர்தான், சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும் அல்லது வண்டியைக் கைவிட வேண்டும். கணக்குப் போட்டால் இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. அப்படியும் நான் வாங்கினேன் என்றால் அது 200-இல் போவதற்காக இல்லை.

முந்தைய பதிவர் சொன்ன தடம், பந்தயம் எல்லாம் உண்மைதான், ஆனால் 911 விற்பதன் பெரிய காரணம் அது அன்றாட வண்டி என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜன்னல் கண்ணாடிகள் உயரமானவை, முன்னால் இரண்டு மூலையும் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். நடுவில் இன்ஜின் வைத்த சூப்பர் கார்களில் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கக் கேமராவை நம்ப வேண்டும். பின் இருக்கை பெரியவர்களுக்கு ஆகாது, ஆனால் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போகிறாள், சோமர்செட்டிலோ லிட்டில் இந்தியாவிலோ வாங்கும் காய்கறி முன்பக்க டிக்கியில் போய்விடும். அடுக்குமாடிப் பார்க்கிங்கின் சரிவில் முன்பகுதி தட்டாமல் இருக்க முன் அச்சைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் வசதியைக் கூடுதல் விலைக்குப் போட்டுக்கொள்ளலாம். மழையிலும் பயம் இல்லை, 991-க்கு அடுத்த 992 தலைமுறையில் முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஈர முறையே கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வாரம் ஒருநாள் மட்டும் வெளியே எடுக்க முடிகிற வண்டியோடு பெரிதாக நெருக்கம் வராது. தினமும் 50-இல் போகும்போதே ஸ்டீயரிங் கையோடு பேசுகிறது, ரவுண்டானாவில் கூட ஒரு சுகம் இருக்கிறது. எப்போதாவது பாலம் தாண்டி மலேசியா போய் செபாங் தடத்தில் ஓட்டினால் அது விருந்து, ஆனால் நான் வாழ்வது அன்றாடச் சாப்பாட்டில்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் உணர்வைப் பற்றியே பேசுகிறீர்கள், பணத்தை யாருமே தொடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அது பாதிக் கதைதான்.

உச்ச விலை வண்டிகளில் கிடைக்காமை என்பதும் விற்கப்படும் பொருள்தான். ஃபெராரி 2024-இல் உலகம் முழுக்கக் கொடுத்தது 13,752 கார்கள், இவ்வளவு பெயருக்கு அது சின்ன எண்ணிக்கை. குறைந்த எண்ணிக்கையில் வரும் சிறப்பு மாடல் வேண்டுமென்றால் காசு மட்டும் போதாது, முன்பே அவர்களிடம் கார் வாங்கியவராக இருக்க வேண்டும், அவர்கள் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் என்பதே ஒரு தகுதியாகிவிடுகிறது. 911 ஆர் கதையிலும் ஒரு பகுதி விட்டுப்போய்விட்டது. அதை வாங்கியவர்களில் பலர் ஓட்டவே இல்லை, உறையோடு நிறுத்திவைத்து விற்கப் பார்த்தார்கள். 2017-இல் மேனுவல் ஜிடி3-யும் டூரிங்கும் வந்ததும் 911 ஆரின் விலை சடசடவென இறங்கியது. கிளட்ச் மிதிக்கும் சுகத்துக்காகவே வாங்கியிருந்தால் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்ததும் விலை ஏன் விழுகிறது?

மெக்லாரன் எஃப்1 என்ற 90-களின் சூப்பர் கார் மொத்தம் 106 தான். அதில் ஒன்று 2021-இல் கலிபோர்னியா ஏலத்தில் 2 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த விலையில் வாங்கியவர் அதில் அலுவலகம் போவார் என்று நான் நம்பவில்லை. வீட்டுப் பத்திரத்தைப் பூட்டி வைக்கிற மனநிலைதான் அது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஆசையும் இருக்கும், விற்றால் நட்டம் வராது என்ற தைரியமும் இருக்கும், அந்தத் தைரியம்தான் ஆசைக்குக் கையெழுத்துப் போட வைக்கிறது.

ஒன்பதாயிரம்:

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் எடுத்த உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. எஃப்1 106-இல் நின்றது யாரோ கணக்காகக் கட்டுப்படுத்தியதால் இல்லை. 300 வரை செய்யத் திட்டமிட்டிருந்தார்கள், 90-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் படுத்துவிட்டதால் வாங்க ஆள் வரவில்லை. அரிதாக இருந்தது அன்றைக்கு அதற்கு உதவவே இல்லை. பிற்பாடு விலை ஏறியதற்குக் காரணம் அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான்: நடுவில் ஓட்டுநர் இருக்கை, பிஎம்டபிள்யூவின் வி12 (12 சிலிண்டர்) இன்ஜின், வெப்பத்தைத் திருப்பியடிக்க இன்ஜின் அறை முழுக்கத் தங்கத் தகடு.

டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸ் செய்த எல்எஃப்ஏ இன்னும் நல்ல சாட்சி. 500 வண்டிகள் மட்டும், 4.8 லிட்டர் வி10. ரெவ் அடிமட்டத்திலிருந்து 9,000-க்கு 0.6 வினாடியில் ஏறிவிடும், சாதாரண முள் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது என்று டிஜிட்டல் திரையில் முள்ளை வரைந்தார்கள். இன்ஜின் ஒலியைச் சீர்செய்ய யமஹாவின் இசைக்கருவிப் பிரிவினர் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர். 2012-இல் உற்பத்தி முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் அங்கே ஷோரூம்களில் விற்காத புது எல்எஃப்ஏக்கள் நின்றன. ஃபெராரி விலைக்கு டொயோட்டா குடும்பத்து வண்டியா என்று தயங்கினார்கள். பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் கேட்காதவர்களிடம் சொல்லிச் சொல்லி இன்று அது அசல் விலையை விடப் பலமடங்கு. எண்ணிக்கை முதல்நாளிலிருந்து 500 தான், அது மாறவில்லை. மக்கள் காதுதான் தாமதமாகத் திறந்தது. ஒரு முறை ஒரு எல்எஃப்ஏ முழு ரெவ்வில் சுரங்கப்பாதைக்குள் போவதைக் கேளுங்கள், நான் சொல்வது புரியும்.

இதைத் தயாரிப்பவர்களும் புரிந்துகொண்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. மின்சார சூப்பர் கார் செய்யும் மேட்டே ரிமாட்ஸ் கையில் நெவேரா இருக்கிறது, 1,914 குதிரைத்திறன் கொண்ட மின்சார வண்டி, அதற்கு மேல் வேகம் கேட்க முடியாது. மொத்தம் 150 தான், அதையே விற்றுத் தீர்ப்பது கடினமாக இருக்கிறது, இந்த விலையில் வாங்குகிறவர்கள் மின்சாரத்தை விரும்பவில்லை என்று 2024-இல் அவரே சொன்னார். அவர் தலைமையில் அதே ஆண்டு வந்த புகாட்டி டூர்பியோனில் டர்போ இல்லாத 8.3 லிட்டர் வி16, கூடவே மின்மோட்டார்கள், முன்னால் திரைக்குப் பதில் ஸ்விட்சர்லாந்துக் கடிகாரக் கைவினைஞர்கள் செய்த முள்மானி. எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரியின் டி.50-யும் அப்படித்தான்: 986 கிலோ, 12,100 ஆர்பிஎம் போகும் வி12, மேனுவல், உச்ச வேகச் சாதனையைப் பற்றி அவர் கவலையே படவில்லை.

கணக்குப்பிள்ளை:

எஃப்1 விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி.50 வெறும் 100 என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 5,000 செய்தால் அதே விலைக்குப் போகுமா?

ஒன்பதாயிரம்:

அந்த விலைக்குப் போகாது, ஆனால் விருப்பம் அப்படியே இருக்கும். அந்த இரண்டையும் நான் ஒன்றாக்க மாட்டேன். ஜிடி3 எண்ணிக்கை போட்டு விற்கிற வண்டி இல்லை, ஆனாலும் வரிசை குறையவில்லை.

கொல்லிமலை70:

நான் எதிர்பார்த்ததை விட நிறையவே கிடைத்துவிட்டது, நன்றி. இப்போது ஆசை கூடிப்போய் இன்னொரு கேள்வி. ஜிடி3 வாங்கும் நிலையில் நான் இல்லை. வேலை விஷயமாக ஜெர்மனி வரும் வாய்ப்பு இருக்கிறது. கிளட்ச்_கால் சொன்ன அந்த அனுபவத்தின் கொஞ்சத்தையாவது நேரில் பெற வழி உண்டா?

கிளட்ச்_கால்:

தாராளமாக உண்டு. முதலில் ஷ்டுட்கார்ட்டில் இறங்கினால் ட்சூஃபன்ஹவுசன் போய் போர்ஷே அருங்காட்சியகம் பாருங்கள், 1973 கரேரா ஆர்எஸ் 2.7-இன் வாத்துவால் இறக்கையைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே இந்தத் திரியில் பேசியதில் பாதி கண்ணுக்குத் தெரியும். அதை 500 விற்றால் போதும் என்று தொடங்கி 1,580 செய்ய வேண்டி வந்தது.

அப்புறம் நூர்பர்க்ரிங் என்ற பந்தயத் தடம். அதன் வடக்குத் தடம் 20.8 கிலோமீட்டர், சுற்றுலா ஓட்டம் அறிவித்த நாட்களில் கட்டணம் கட்டி யாரும் ஓட்டலாம், சாலை விதிகள்தான் பொருந்தும், இடதுபக்கமாக மட்டும் முந்த வேண்டும். விமான நிலையத்தில் எடுக்கிற வாடகைக் காரைக் கொண்டுபோகாதீர்கள், ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். தடத்தின் பக்கத்து ஊர்களில் இதற்கென்றே தயார்செய்த கார்களை வாடகைக்குத் தருகிறார்கள். முதல்முறையே 911 கேட்காதீர்கள். மேனுவல் கியர் உள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரிச் சின்ன வண்டி எடுங்கள், ஒரு டன் அளவுதான் எடை, நான் சொன்ன கீழ் கியர் வித்தையை அதில் பழகிக்கொள்ளலாம். விபத்தானால் எவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள், தடுப்புக் கம்பியை இடித்தால் அதற்கும் சேர்த்து வசூலிப்பார்கள். முதல் சுற்றை ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். மழை பெய்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம், அடுத்த தேதியைப் பாருங்கள்.